கறுப்புச் சட்டைக்காரர்கள் சார்பில் ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்பதுகளின் சிந்த்-பாப் (சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை வைத்துச் செய்யும் பாப் இசை) குழுக்களுக்கு இன்னும் கூட்டம் சேர்வது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். தலை நரைத்தவர்கள் தங்கள் இளமையைக் காசு கொடுத்துத் திருப்பி வாங்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் என்ற தொனியில் எழுதியிருந்தார் கட்டுரையாளர். மெஷினில் செய்த இசைக்கு உயிர் கிடையாது என்றும் போகிற போக்கில் ஒரு குத்து. நான் 1985 இலிருந்து பேர்லினில் இருப்பவன். இந்த ரசிகர்களில் ஒருவரோடு ஒரே சமையலறையில் பல வருடம் வேலை செய்தவன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே அவருக்காக நான் எழுதுகிறேன்.

அவர் கிழக்கு பேர்லினில் பிறந்து வளர்ந்தவர். டெபெஷ் மோட் என்ற ஆங்கிலேயக் குழுவின் தீவிர ரசிகர். எங்கள் சமையலறையில் வெள்ளை உடுப்புத்தான் சட்டம். வேலை முடிந்து உடுப்பு மாற்றினால் மேலிருந்து கீழ்வரை கறுப்பு, இந்தக் குழுவின் ரசிகர்களுக்கு அதுதான் அடையாளம். (தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டை என்றால் வேறு ஆட்கள். இது அந்தக் கறுப்பு இல்லை.) முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இரவு வேலையில் பாத்திரம் கழுவிக்கொண்டு கதை கேட்கக் கேட்கச் சிரிப்புப் போய்விட்டது.

அவருடைய முதல் டெபெஷ் மோட் இசைத்தட்டைக் கொண்டு வந்தவர் அவருடைய பாட்டி. அந்த நாளில் கிழக்கு ஜேர்மனியில் சாதாரண ஆட்கள் மேற்குக்குப் போக முடியாது. ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு மட்டும் போய்வர அனுமதி கிடைக்கும். அதனால் அங்கே எத்தனையோ பாட்டிமார், தாங்கள் வாழ்க்கையில் கேட்டேயிராத குழுக்களின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு மேற்கு பேர்லின் கடைகளில் ஏறி இறங்கினார்கள். பிராவோ என்ற இளைஞர் சஞ்சிகையின் நடுப்பக்கப் படங்களும் இப்படித்தான் வந்தன. மேற்கு நாட்டுச் சஞ்சிகை கொண்டுவரத் தடை என்பதால் பாட்டி அதைத் தன் உடுப்புக்குள் மடித்து வைத்து எல்லையைக் கடந்தாராம். பள்ளிக்கூடத்தில் அந்தப் படங்களுக்குத் தனிச் சந்தையே இருந்தது என்பார் நண்பர்.

பாட்டி இல்லாதவர்களுக்கு ரேடியோ. மேற்கு பேர்லின் அலைவரிசைகள், ஊரை இரண்டாகப் பிரித்த பேர்லின் சுவருக்கு அந்தப் பக்கமும் தெளிவாகக் கேட்கும். கசெட்டைப் போட்டு, விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருப்பார்கள். இந்த இடத்தில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் றெக்கோடிங் பாரில் (கசெட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை) பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, கசெட் எப்போது கிடைக்கும் என்று நாயாய் அலைந்தவன் நான்.

ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஆட்கள் பலர் அந்தக் காலத்தில் ஜேர்மனிக்கு வந்த பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி, பிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தின் வழியாக மேற்குப் பக்கம் வந்துவிடுவோம். நானும் அப்படி வந்தவன்தான். சொந்த ஊரில் பிறந்த அவரால் தாண்ட முடியாத அந்த நிலையத்தை, ஊர் பெயர் கூடத் தெரியாத நான் தாண்டி வந்தேன். ஒருநாள் சொல்லித்தான் விட்டேன். "அப்போதே தெரிந்திருந்தால் உன்னிடம் இசைத்தட்டு வாங்கித்தரச் சொல்லியிருப்பேன்" என்றார்.

1988 மார்ச் 7. டெபெஷ் மோட் கிழக்கு பேர்லினுக்கே வந்து பாடிய நாள். அரசின் இளைஞர் அமைப்பு தன் பிறந்தநாள் விழா என்ற பெயரில் வெர்னர் ஸீலன்பிண்டர் மண்டபத்தில் நடத்திய நிகழ்ச்சி அது. மண்டபம் சுமார் 6,000 பேர் கொள்ளும். டிக்கெட் பெரும்பாலும் அமைப்பின் வழியாகவே போனது. அமைப்பில் நல்ல பெயர் எடுத்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது, பாட்டுக்காக உயிரை விடுகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. நல்ல பெயருக்கும் என் நண்பருக்கும் தூரம் அதிகம். குளிரில் வெளியே நின்றார். அவரைப்போல இன்னும் நிறையப் பேர். உள்ளேயிருந்து பேஸ் ஒலி மட்டும் சுவரில் அதிர்ந்ததாம். அதை அவர் சொல்லும்போது குரலில் கவலையே இராது, பெருமைதான் இருக்கும். அந்த மண்டபம் இப்போது இல்லை, இடித்துவிட்டு அங்கே வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தய அரங்கைக் கட்டியிருக்கிறார்கள். அதே வருடம் ஜூன் மாதம் அமெரிக்காவில், பாசடீனாவின் ரோஸ் போல் மைதானத்தில், 60,000 பேருக்கு மேல் அதே குழுவைக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஆவணப்படமே வந்தது. எனக்கென்னவோ அந்த பேர்லின் மண்டபத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றித்தான் படம் எடுத்திருக்க வேண்டும்.

இனி அந்த "மெஷின் இசை" குத்துக்கு வருகிறேன். லண்டனுக்குக் கிழக்கே பாசில்டன் என்ற, போருக்குப் பிறகு புதிதாகக் கட்டிய தொழிலாளர் நகரத்துப் பையன்கள் இவர்கள். மார்ட்டின் கோர் வங்கியிலும் அண்டி ஃப்ளெச்சர் காப்புறுதி நிறுவனத்திலும் வேலை பார்த்துக்கொண்டே சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு ரயிலில் லண்டன் போய் வாசித்தவர்கள். 1983 இல் அவர்கள் செய்ததைக் கேளுங்கள். லண்டன் ஷோர்டிச் பக்கம் போய், கிடந்த தகரத்தையும் இரும்புக் குழாயையும் தட்டித் தட்டி ஒலிப்பதிவு செய்து, அதை சாம்ப்ளரில் (பதிந்த ஒலியை வாத்தியம்போல வாசிக்க விடும் கருவி) ஏற்றித் தாளமாக்கினார்கள். அப்புறம் பேர்லினுக்கு வந்து ஹன்சா ஸ்டூடியோவில் மிக்ஸ் செய்தார்கள். ஜன்னலைத் திறந்தால் சுவரும் காவல் கோபுரமும் தெரியும் அளவுக்குப் பக்கம். சிந்தசைசர் ஒலியை அப்படியே நாடாவில் ஏற்றினால் தட்டையாக இருக்கிறதென்று, பெரிய ஒலிபெருக்கி வழியாக மண்டபத்துக்குள் முழங்கவிட்டு, அது சுவர்களில் பட்டுத் திரும்புவதை மைக் வைத்து மறுபடி பிடித்தார்கள். 1984 இலும் 1986 இலும் வந்த இசைத்தட்டுகளுக்கும் ஹன்சாதான்.

அதாவது, நண்பர் வீட்டில் ஒளித்துக் கேட்ட பாட்டுகளில் சில, அவர் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் உருவானவை. சுவர் நடுவே இருந்ததால் அவை லண்டன் வழியாகச் சுற்றி, பாட்டியின் பையில் வந்து சேர்ந்தன. உயிரில்லாத இசை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1986 இல் 'விக்ரம்' படத்தில் இளையராஜா கணினியை வைத்து இசையமைத்தபோது கைதட்டியவர்கள்தானே நாங்கள்?

சமையலறையில் என் நண்பர் அகப்பையால் அண்டாவைத் தட்டி ஒரு தாளம் போடுவார். மேற்பார்வையாளர் வந்து சத்தம் போடுவார். அடுத்த இரவும் தட்டுவார்.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. டிக்கெட் விலை அநியாயம். வாசலில் விற்கும் டீ-சேர்ட்டின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிழமைச் சாமான் வாங்கலாம். ஆனால் 2023 ஜூலையில் இதே பேர்லின் ஒலிம்பிக் மைதானத்துக்கு நண்பர் தன் மகளோடு போனார். மகள் பிறந்தது சுவர் விழுந்து பல வருடம் கழித்து. அவளுக்கு எந்த எண்பதுகள்? எந்த இளமையை அவள் திருப்பி வாங்கினாள்? அவர்கள் அங்கே கேட்டதும் வெறும் பழசு இல்லை. அந்த வருடம் மார்ச்சில் வந்த புதிய ஆல்பத்தின் பாட்டுகளும் இருந்தன. 2022 மே மாதம் ஃப்ளெச்சர் 60 வயதில் இறந்துபோக, மிஞ்சிய இருவரும் முடித்து வெளியிட்ட ஆல்பம் அது. ஒரு பாட்டின்போது திரையில் ஃப்ளெச்சரின் முகம் வந்ததாம். நண்பர் அழுததாக மகள்தான் என்னிடம் சொன்னாள். அவர் மூக்கடைப்பு என்கிறார்.

எண்பதுகளில் புகழ்பெற்ற இன்னொரு ஆங்கிலேயக் குழுவான கியூரையும் பாருங்கள். 2024 இல் அவர்களுடைய புதிய ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதற்கு முன் அவர்கள் அங்கே முதலிடத்தில் இருந்தது 1992 இல். பழைய நினைவுக்கு மட்டும் வருகிறவர்கள் புதிய தட்டை எதற்கு வாங்க வேண்டும்?

மொஸ்கோவில் டெபெஷ் மோட் பாடகர் டேவ் கானின் பிறந்தநாளை ரசிகர்கள் தெருவில் கொண்டாடியிருக்கிறார்கள். அது மே 9, ரஷ்யர்களின் வெற்றி நாளும் அதுவே. எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் இந்தக் குழுவின் பாட்டுக்காகவே ஒரு பார் நடந்து வருகிறது. இவையெல்லாம் இரும்புத் திரைக்கு (கம்யூனிஸ்ட் கிழக்கை மேற்கிலிருந்து பிரித்த எல்லை) அந்தப் பக்கம் இருந்த ஊர்கள் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். லண்டன் பத்திரிகைகள் இவர்களை நீண்ட காலம் பள்ளிப் பிள்ளைகளின் பாப் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தபோது, கிழக்கில் ஒரு தட்டுக்காக ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்தார்கள். கிழக்கு ஜேர்மனியின் ரகசியப் பொலிஸ் ரசிகர் மன்றங்களைக்கூட வேவு பார்த்தது. கஷ்டப்பட்டுக் கிடைத்ததை ஆட்கள் லேசில் விடமாட்டார்கள். எங்கள் சனத்துக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த முறை இப்படி எழுதுவதற்கு முன் உங்கள் கட்டுரையாளரை இந்த ரசிகர்களில் ஒருவரோடாவது கதைக்கச் சொல்லுங்கள். என் நண்பர் தயார், மொழிபெயர்ப்புக்கு நான் இருக்கிறேன். பியர் மட்டும் பத்திரிகையின் செலவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நொய்கோல்ன், பேர்லின்