ரெண்டு பேர் படகாக வாங்கு

பாம்பன்

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே கனடாவில் ஏரியில் தூண்டில் போடக் காற்றடைக்கிற கயாக், அதாவது சின்னத் துடுப்புப் படகு, வாங்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். தனியாகவாம். அவளிடம் சொல்லத் தெரிந்திருக்கிறது.

நீ அனுப்பிய படத்தில் உள்ளதை வாங்காதே. அதன் தளம் வெறும் காற்றுப்பை, எட்டி மீனை இழுத்தால் நடுவில் குழிந்து ஆளைச் சரிக்கும். உள்ளே மேலுக்கும் கீழுக்கும் நெருக்கமாக நூல் கோத்த ‘டிராப் ஸ்டிச்’ தளமா என்று பார். காற்றழுத்தம் 8 பிஎஸ்ஐ வரை அடித்தால் பலகையாக நிற்கும். பக்கக் குழாய்க்குப் பெரும்பாலும் 2, 3 பிஎஸ்ஐதான், வால்வு அருகில் அச்சடித்திருப்பதைத் தாண்டாதே. காற்றறை குறைந்தது மூன்று இருக்கட்டும். 180 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் நீ 120 என்று வை.

ரெண்டு பேர் படகாக வாங்கு. சீட்டை நடுவுக்கு நகர்த்தினால் ஒருத்தரும் போகலாம். ஆனால் கூட ஒரு ஆளை ஏற்று. மூன்று வருஷத்தில் ஒரு சிநேகிதன்கூடவா இல்லை?

இந்தப் படகு தண்ணீரில் அழுந்தாது, மேலாக நிற்கும், காற்று அள்ளிக்கொண்டு போகும். கரையிலிருந்து உள்ளே வீசும் காற்றுதான் மோசம்: கரையோரம் தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கும், நடுவுக்குப் போனபின் திரும்ப விடாது. போகும்போது காற்றை எதிர்த்துப் போ, வரும்போது அது கொண்டுவரும். பின்னடிச் சிறகை மாட்டாமல் இறங்காதே, துடுப்புப் போடப்போட முன்முனையான அணியம் சுற்றும். நங்கூரம் ஒன்றரைக் கிலோ, கயிறு ஆழத்துக்கு ஐந்து மடங்கு. அணியத்தில் கட்டு. பக்கத்தில் கட்டினால் கவிழ்க்கும்.

குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் தளரும். ஓட்டை என்று பயப்படாதே, பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடி. வெயிலில் கரையேற்றினால் கொஞ்சம் காற்றை இறக்கு, இல்லாவிட்டால் ஒட்டு விட்டுவிடும். இங்கே என்னிடம் ஒட்ட வருவதில் முள் குத்தியது குறைவு, மடிப்பில் மணல் தேய்த்ததுதான் அதிகம். கழுவி, காயவைத்து மடி. சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் படகின் பிவிசி பிளாஸ்டிக்கில் நிற்காது. பிவிசி பசைதான், கிழிசலைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடு.

லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டுக்கடியில் வைக்காதே, போட்டுக்கொள். மே மாதம் வெயில் அடித்தாலும் கனடா ஏரித் தண்ணீர் விறைக்கும், விழுந்த நிமிஷமே மூச்சடைக்கும். அதிலும் உனக்கு நீச்சல் தெரியாது.

பாம்பன்காரன் மகனுக்கு நீச்சல் தெரியாது. அது உன் தப்பில்லை. பழகிவிட்டால் கடலுக்கே வந்துவிடுவாய் என்று பயந்து, கரைக்கு வரும்போதெல்லாம் விரட்டினேன். நீ படித்துப் போனதை ஊரெல்லாம் சொல்கிறேன். ஆனால் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் நீச்சல் பழகு. படகு அடுத்த வருஷம் வாங்கலாம். ரெண்டு பேர் படகு.

இறங்குமுன் எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருத்தரிடம் சொல்லிவிட்டு இறங்கு. அங்கே ஆள் இல்லையென்றால் எனக்குப் பேசு. உனக்கு விடியும்போது இங்கே சாயங்காலம்தான், அம்மாவும் பக்கத்தில் இருப்பாள். கரையேறினதும் இன்னொரு தடவை பேசு. நடுராத்திரி ஆனாலும் முழித்திருப்பேன்.

அப்பா