நெக்ரோனியில் கசப்பைக் குறைக்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெக்ரோனி என்ற காக்டெயில் கசந்தால் பலரும் ஜின்னைத்தான் குறை சொல்கிறார்கள். கசப்பு அதில் சேரும் காம்பாரி என்ற சிவப்பு மதுவுடையது. ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றும் தலா 30 மில்லி என்பது பழைய கணக்கு. காம்பாரிக்குப் பதில் 11 சதவீத ஆல்கஹால் உள்ள, கசப்பு குறைந்த அப்பரோல் என்ற மதுவை ஊற்றி, வெர்மூத்தை 20 மில்லியாகக் குறையுங்கள். பெரிய ஐஸ் கட்டிகளோடு 20 வினாடி கரண்டியால் கலக்கினால் போதும், குலுக்கினால் கலங்கிவிடும். பாலக்காட்டு வெயிலுக்குத் தூள் ஐஸ் ஆகவே ஆகாது, நொடியில் தண்ணீராகும். கடைசியில் குளிர்ந்த சோடா 60 மில்லி.

நெல்லியாம்பதி ஆரஞ்சுத் தோலைப் பிழிந்துவிடுவது நல்ல மணம் தரும். ஆனால் உள்பக்க வெள்ளைச் சதையை முழுக்கச் சீவிவிட வேண்டும், அதுவும் கசக்கும். அப்படியும் கசந்தால் ஒரு சிட்டிகை உப்பு. திறந்த வெர்மூத்தை தயவுசெய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அலமாரியில் கிடந்தால் காற்றுப்பட்டுச் சுவை செத்துப்போகும்.

– வாசகர், கொழிஞ்சாம்பாறை