வக்கீல் பாட்டாவின் கடிதக் கட்டைப் பிரிக்க வேண்டாம், மாமா

அன்புள்ள மாமா,

வக்கீல் பாட்டாவின் கடிதங்களை வீட்டுக்கு நாலாகப் பங்கு வைத்து, லேமினேட் செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்று அத்தை போனில் சொன்னார்கள். எல்லார் கையிலும் ஒரு ஞாபகம் இருக்கட்டும் என்ற உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் வேண்டாம் மாமா, கெஞ்சிக் கேட்கிறேன்.

நிலத்தின் கிரய ஆதாரம் என்றால் முன் ஆதாரத்தை, அதாவது அதற்கு முந்தைய பத்திரத்தை, பிரித்து வேறு வீட்டுக்குக் கொடுப்போமா? கடிதமும் அப்படித்தான். கொல்லம் 1061 ஆவணியில், அதாவது 1885இல், திருவனந்தபுரத்தில் படிக்கும்போது அவர் அக்காவுக்கு எழுதியதைப் போன பொங்கலுக்கு நீங்கள்தான் காட்டினீர்கள். கன்னிப்பூ போக நெல்வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டிருந்தார். பேச்சிப்பாறை அணை 1906இல்தான் வந்தது. அதற்கு இருபது வருஷம் முன்னால் நாஞ்சில்நாட்டு வீட்டில் ஆவணி மாதத்தில் வேறென்ன கவலை இருந்திருக்கும்? அறுப்பு நடந்ததா என்பது அடுத்த கடிதத்தில்தான் இருக்கும். அது ஒரு வீட்டுக்கும் இது ஒரு வீட்டுக்கும் போய்விட்டால் யாருக்கும் தெரியாது.

அந்தக் கடிதத்தின் ஓரத்தைப் பார்த்தீர்களா? அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வாசித்துக் கொடுப்பவருக்கென்று பொடி எழுத்தில் தனியாக இரண்டு வரி: நிதானமாக வாசிக்க வேண்டும், அக்கா அழுதால் மிச்சத்தை மறுநாள் வாசிக்கலாம் என்று. அவர் கோர்ட்டில் ஜெயித்த கதைகளை எத்தனையோ கேட்டிருக்கிறேன். எனக்கு அவரைக் காட்டியது இந்த இரண்டு வரிதான்.

கல்லூரி நினைவுகளை எழுதிய நோட்டையும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். ராத்திரி வண்டி கட்டி தக்கலை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் போனது, நாலு பேருக்கு ஒரே பாடப்புத்தகம், புத்தகக்காரன் தூங்கிய பிறகு மற்றவர்கள் விளக்கடியில் உட்கார்ந்து பார்த்தெழுதியது என்று எவ்வளவு இருக்கிறது! நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திய ராபர்ட்ஸ் துரை, சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரம் போய் 1834இல் தொடங்கிய பள்ளிதான் 1866இல் பாட்டா படித்த கல்லூரியானது. நம் ஊர் வாத்தியார் போட்ட அஸ்திவாரத்தில் நம் வீட்டுப் பிள்ளை படித்திருக்கிறார். மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்ததும் அங்கேதான். அவர் பெயர் எங்காவது வருகிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சரி, ஞாபகத்துக்கு வழி சொல்கிறேன். எல்லாக் கடிதங்களையும் நான் போட்டோ எடுத்து, தட்டச்சும் செய்து, வீட்டுக்கு ஒரு முழுத் தொகுப்பாகத் தருகிறேன். மூலம் மொத்தமும் உங்களிடமே இருக்கட்டும். லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிப்பது நடக்காத காரியம். கிழிசலில் செலோடேப்பும் ஒட்டாதீர்கள், கொஞ்ச வருஷத்தில் மஞ்சளாகக் கறை பிடித்துவிடும்.

அப்புறம், உறைகளைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருப்பது திருவிதாங்கூர் அஞ்சல் முத்திரை. கடிதத்தில் தேதி அழிந்திருந்தால் அதை வைத்துத்தான் வரிசைப்படுத்தணும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். மேசையில் விரிக்க, துவைத்த பழைய பருத்தி வேட்டி ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள் அத்தையிடம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்