பாட்டுக் கேட்கும் மகளுக்கு, புத்தகங்களைப் பற்றி

மயிலாடுதுறை

செல்வ மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

நானும் உன் தாயாரும் நலம். இப்போதெல்லாம் கச்சேரிகளுக்குத் தவறாமல் போய்வருவதாகச் சொல்லி, இசையைப் பற்றிப் படிப்பதற்கு எந்தப் புத்தகத்தை முதலில் எடுக்கலாம் என்று தொலைபேசியில் கேட்டாய். இரண்டு பெயர்களைச் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி அல்ல என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன். எனக்குப் பாடத் தெரியாது. எனக்கிருப்பது கேள்வி ஞானம் மட்டுமே. அந்த ஞானத்திலும் பெரும்பங்கு, கேட்டதைப் பற்றி வீட்டுக்கு வந்து படித்ததால் கிடைத்தது.

ராக லட்சணப் புத்தகத்தில் தொடங்காதே, அம்மா. ஆரோகண அவரோகணங்களை, அதாவது ராகத்தின் ஏறு, இறங்கு சுர வரிசைகளை, மனப்பாடம் செய்துகொண்டு அரங்கில் போய் உட்கார்ந்தால், பாடப்படுவது என்ன ராகம் என்று கண்டுபிடிப்பதிலேயே மனம் நின்றுவிடும்; பாடுகிறவர் அந்த ராகத்தை என்ன செய்கிறார் என்பது காதில் ஏறாது. அந்த நூல்கள் பிறகு கட்டாயம் வேண்டும். முதலில் பாட்டோடு வாழ்ந்த மனிதர்களைப் பற்றிப் படி.

அந்த வகையில் நான் முதலில் எடுத்துத் தருவது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1942-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்தவரின் வரலாறாகவே பலரும் அதைப் படிக்கிறார்கள். நான் ஒரு சங்கீதக் குடும்பத்தின் கதையாகவும் படித்தேன். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை கற்றவர். மகனுக்கும் அந்த வித்தை வரவேண்டும் என்று விரும்பியவர். 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிப்பதற்காக நம்முடைய இந்த ஊருக்கு, அன்றைய மாயூரத்துக்கு, வந்து சேர்ந்த பையன், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றி இங்கேயே இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டும் கற்றுக்கொண்டான். பிள்ளையவர்களுக்கோ சங்கீதத்தில் அவ்வளவு விருப்பமில்லை. விஷயம் அவருக்குத் தெரிந்ததும், இசைப் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் புத்தி ஆழ்ந்து செல்லாது என்று அவர் கருதியதால், பாட்டுப் பாடம் நின்றுபோனது. தமிழுக்கு அதனால் எவ்வளவு பெரிய லாபம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம், அந்தப் பாடம் இன்னும் கொஞ்ச காலம் நடந்திருக்கக்கூடாதா என்று மனம் ஏங்குகிறது.

அதே பிள்ளையவர்கள், நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டி முன்னே சேர்க்கும் செய்யுள்) கேட்டு வந்த கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பாட்டில் உள்ள இலக்கணப் பிழைகளை எண்ணிப் பலமுறை தட்டிக்கழித்தவர், அவர் பாடக் கேட்டபோது உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார் என்ற வரலாறும் உண்டு. இலக்கணம் கறாராகப் பார்த்த புலவர் ஒருவரை அந்தப் பாட்டு அசைத்தது எப்படி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கீர்த்தனையில் மாஞ்சி ராகத்தில் வரும் ‘வருகலாமோ’ பாட்டை மறுபடி கேட்டுப் பார். தில்லையின் எல்லையில் நிற்கும் நந்தன் கேட்கும் கேள்வி அது. பல்லவியைப் பாடகர் திரும்பத் திரும்ப எடுக்கும்போது, முன்பெல்லாம் அதை அலங்காரமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கதையையும் காலத்தையும் படித்த பிறகு, ஒவ்வொரு முறையும் அவன் இன்னொரு தடவை அனுமதி கேட்கிறான் என்று காதில் விழத் தொடங்கியது. உள்ளே வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு மனிதனின் குரல் அது என்பதை மறந்து, ராகத்தின் இனிமையை மட்டும் ரசித்துவிட்டு எழுந்து வருவது எனக்கு இப்போது இயலாத காரியம்.

அடுத்து தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’. கதையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கதாநாயகன் பாபுவின் இசை ஆசிரியர் ரங்கண்ணா வரும் இடங்களை மட்டும் அவசரப்படாமல் படி. வடக்கேயிருந்து கும்பகோணத்துக்கு வந்தவர்கள் பாட, பாபு தன்னை மறந்து கேட்கும் பகுதியைப் படித்தபின், தம்புராவின் நாதத்தை மட்டும் கொஞ்ச நேரம் கேள். சுருதியைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அந்த அளவுக்கு உணர்த்தியதில்லை.

இசைக் கருவிகளைச் செய்தவர்களைப் பற்றியும் படிக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதிய நூல், ‘செபாஸ்டியன் குடும்பக்கலை’ என்று தமிழிலும் வந்திருக்கிறது. பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் ஒரு மிருதங்கத்தில் சேர்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வித்துவானின் விரலுக்கும் காதுக்கும் ஏற்ப மூட்டித் தந்த கைகளுக்கு மேடையில் இடம் கிடைக்கவில்லை. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய ரசிகர்களிடம், அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரைச் சொல்லிப் பார். எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று புரியும். நாகசுரத்துக்கும் இது பொருந்தும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரி நாகசுரத்தை விட்டு நீளமான பாரி நாகசுரத்துக்கு வந்ததற்குப் பின்னால், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அந்தக் கருவியில் சுத்த மத்தியமம் என்னும் சுரம் சரியாகப் பேசுவதற்காகப் பட்ட பாடு இருக்கிறது. நாகசுர, தவில் கலைஞர்களின் வாழ்க்கையை அறிய பி.எம்.சுந்தரம் எழுதிய ‘மங்கல இசை மன்னர்கள்’ என்னும் நூலைத் தேடி வாங்கு. எங்கே பிரித்தாலும் நம் காவிரிக்கரை ஊர் ஒன்றின் பெயர் வரும்.

பெரிய நூல்களைப் பார்த்து மிரளாதே. தஞ்சாவூரில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தையும், விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூ’லையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படிக்கவேண்டும் என்பதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் தகுதியைச் சொல்லும் சில வரிகளுக்குப் பொருள் தேடிப் புறப்பட்டு, விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்தது ‘யாழ் நூல்’. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் காலமானார். ஆகையால் முதலில் அரங்கேற்று காதையை உரையோடு படித்துவிட்டுப் பிறகு யாழ் நூலுக்குப் போ. கணக்குகள் புரியாத பக்கங்களைத் தாண்டிச் செல்லலாம். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது அவற்றில் சில புரியும்.

படிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கச்சேரிக்கு முன்னால் படிப்பதில்லை. கேட்டுவிட்டு வந்த இரவில்தான் படிப்பேன். அன்று மனத்தில் தங்கிய ஒரே ஒரு கீர்த்தனையின் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் வரிகளை, எடுத்து, ராகமில்லாமல், பேசுவதுபோல வாய்விட்டு வாசிப்பேன். சொல் எங்கே முடிகிறது, தாளத்துக்காக எங்கே நீள்கிறது என்பது அப்போது தெளிவாகும். தெலுங்குக் கீர்த்தனையானால் பொருளைத் தமிழில் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன். நீ கைப்பேசியில் வரிகளைத் தேடி அரங்கிலேயே படித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தைக் காதுக்கே கொடுத்துவிடு.

‘என் சரித்திர’த்தையும் ‘மோகமுள்’ளையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள் இருக்கும். அவற்றோடு நீ ஒத்துப்போகவேண்டிய அவசியமில்லை, மாறுபடும் இடத்தில் உன் குறிப்பையும் எழுது. ‘யாழ் நூ’லை மட்டும் நீ தீபாவளிக்கு வரும்போது கையில் கொடுக்கிறேன், பழைய பதிப்பு, தபாலில் போட மனம் வரவில்லை. மாயூரத்து அத்தியாயங்களை முடித்தவுடன் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா