படிச்சு என்ன செய்யப் போறேன்னு கேட்டீங்கல்ல சித்தி

அன்புள்ள சித்திக்கு,

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். ஆச்சிக்கு முட்டி வலி இப்ப தேவலையா? அன்னிக்கு போன்ல, "வேலைக்கே போக முடியாதுன்னா எதுக்குடி காலேஜ், பேசாம கோவில்பட்டிக்கு வந்துரு, நான் இங்க சேத்து விடுறேன்"னு சொன்னீங்க, அம்மா பக்கத்துலயே இருந்தாங்க, அவங்க முன்னாடி இத பேசுனா அழுதுருவாங்க, அதான் எழுதறேன்.

அமெரிக்காவுக்கு டூரிஸ்ட் விசால வந்தோம், விசா நாள் முடிஞ்சும் இங்கயே தங்கிட்டோம், இதுவரைக்குந்தான் அம்மா உங்ககிட்ட சொல்லிருப்பாங்க. 2015ல வந்தப்ப எனக்கு பத்து வயசு. ஸ்கூல்ல சேக்கறப்ப யாரும் விசா கேக்கல சித்தி. விசா பேப்பர் இல்லைன்னு எந்த பிள்ளையையும் ஸ்கூல்ல சேக்காம இருக்கக் கூடாதுன்னு 1982லயே ஒரு டெக்சாஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதனால பன்னெண்டாவது வரைக்கும் எனக்கும் மத்த பிள்ளைங்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. காலேஜுக்கு அந்த தீர்ப்பு கிடையாது. கூட படிச்சவங்க எல்லாம் சென்ட்ரல் கவர்மென்ட் உதவித்தொகைக்கு பார்ம் போட்டாங்க, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது இல்ல. 2012ல ஒபாமா சின்ன வயசுல வந்த பிள்ளைங்களுக்கு டாக்கான்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாரு, அதுல வேலை பர்மிட் கிடைக்கும், ஆனா 2007 ஜூன்ல இருந்தே இங்க இருந்திருக்கணும், அப்ப நான் ஆச்சி இடுப்புல இருந்தேன்.

கலிபோர்னியால இருக்கறதுனாலதான் நான் படிக்கிறேன். 2001ல இங்க ஏபி 540ன்னு ஒரு சட்டம் வந்துச்சு, இந்த மாநிலத்து ஹைஸ்கூல்ல மூணு வருஷம் படிச்சு பாஸ் பண்ணிருந்தா உள்ளூர் பிள்ளைங்க கட்டுற பீஸ்தான். அது இல்லாம யூசி, அதான் யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா, அது மாதிரி எடத்துக்கு போனா வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல கூடுதலா கட்டணும், அப்பா ஓட்டல் அடுப்படில நின்னு சம்பாதிக்கிற காசுக்கு நெனச்சே பாக்க முடியாது. அப்புறம் 2011ல கலிபோர்னியா டிரீம் ஆக்ட்டுன்னு இன்னொரு சட்டம் வந்துச்சு, அதுல மாநில அரசு உதவியும் கேக்கலாம். அந்த பார்ம்ல அப்பா அம்மாவும் கையெழுத்து போடணும். அப்பா மாட்டேன்னுட்டாங்க. இத்தன வருஷம் எங்கயும் பேரு அட்ரஸ் குடுக்காம இருந்தவங்க சித்தி, அவங்கள எப்படி குத்தம் சொல்றது. காலேஜ்ல எங்கள மாதிரி பிள்ளைங்களுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு, அப்பாவ அங்க கூட்டிட்டு போனேன். "இந்த பேப்பர் போலீஸ் கைக்கு போகுமான்னு கேளு"ன்னாங்க, நான் கேட்டேன், ஆபீஸ்ல இருந்த அம்மா "நாங்களா குடுக்க மாட்டோம், கோர்ட் ஆர்டர் வந்தா என்ன ஆகும்னு மட்டும் என்னால சத்தியம் பண்ண முடியாது"ன்னாங்க. ஒளிக்காம சொன்னதுனாலயோ என்னவோ அப்பா ரொம்ப நேரம் பார்மயே பாத்துட்டு இருந்துட்டு கையெழுத்து போட்டாங்க. மார்ச் 2தான் கடைசி தேதி, அதுக்குள்ள அனுப்பிட்டேன். இப்ப கம்யூனிட்டி காலேஜ்ல, அதான் மொத ரெண்டு வருஷம் படிக்கிற காலேஜ்ல இருக்கேன், இங்க முடிச்சதும் சான் ஹோசே ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு மாறணும்.

பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த பீஸ் சலுகைய நாட்டுலயே முதல்ல கொண்டு வந்தது டெக்சாஸ்தான், அதுவும் 2001லதான். அங்கயே 2025 ஜூன்ல மத்திய அரசு கேஸ் போட்டு அன்னிக்கே கோர்ட் ஆர்டர் வந்து அந்த சலுகையே போயிருச்சு. பாதி டிகிரில நின்ன பிள்ளைங்கள நெனச்சா எனக்கு தூக்கம் வர்றதில்ல.

ஊருக்கு வர்றதுக்கு எனக்கு ஆசை இல்லாம இல்ல. பதினெட்டு வயசுக்கு மேல பேப்பர் இல்லாம ஒரு வருஷம் இருந்துட்டு வெளிய போனா பத்து வருஷத்துக்கு திரும்ப உள்ள விட மாட்டாங்க, நான் அந்த ஒரு வருஷத்த தாண்டியாச்சு. வந்தா அம்மாவ அப்பாவ பத்து வருஷம் பாக்க முடியாது, அவங்களும் வர முடியாது. ஆச்சிகிட்ட இத எப்படியாவது பக்குவமா சொல்லுங்க, மனசு மாறிட்டா போலன்னு அவங்க நெனச்சுறக் கூடாது.

படிச்சு என்ன செய்யப் போறேன்னா, லா படிக்கணும். செர்ஜியோ கார்சியான்னு ஒருத்தர், மெக்சிகோவுல இருந்து வந்தவர், என்ன மாதிரியே பேப்பர் கிடையாது, அவருக்கு 2014 ஜனவரில கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டே வக்கீல் லைசென்ஸ் குடுக்க சொல்லி தீர்ப்பு குடுத்துச்சு. அவரோட கிரீன் கார்டு மனு 1994ல போட்டது, தீர்ப்பு வந்தப்பவும் அது வரிசையிலதான் இருந்துச்சு! கம்பெனி வேலைக்கு இன்னும் பர்மிட் வேணும், அது எனக்கு தெரியும். ஆனா லைசென்ஸ் என் பேர்ல இருக்கும், அப்பா மாதிரி யாராவது ஒரு பார்ம வெச்சுக்கிட்டு பயந்து உக்காந்திருந்தா நான் தமிழ்லயே பதில் சொல்லுவேன். அதுக்கு எத்தன வருஷம் ஆனாலும் பரவால்ல.

ஒரு உதவி வேணும் சித்தி. என் பாஸ்போர்ட் முடியப் போகுது, சான் பிரான்சிஸ்கோ இந்திய துணைத் தூதரகத்துக்கு புதுப்பிக்க அனுப்பணும், இங்க டிரைவிங் லைசென்ஸ் எடுக்க, பேங்க்ல கணக்கு வெக்க எல்லாத்துக்கும் அதத்தான் காட்டறேன். நகராட்சில என் பொறப்பு சர்டிபிகேட் இங்கிலீஷ்ல ஒண்ணு வாங்கி போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்பா பேர்ல இனிஷியல் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க. ஒரிஜினல யாராவது இந்த பக்கம் வந்தா குடுத்து விடுங்க. தம்பி பிளஸ் டூ மார்க் வந்ததும் உடனே சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பாப்பா