ஹாலிஃபாக்ஸிலிருந்து நாயனாவுக்கு

அன்புள்ள நாயனாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். இந்த வருஷம் மாம்பூ எப்படி நின்றிருக்கிறது என்று எழுதுங்கள்.

"அந்த ஊர்ல உன்னை வெளியாளா பாக்கறாங்களா?" என்று போனில் கேட்டீர்கள். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இங்கே துறைமுகத்தில் பியர் 21 என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1928 முதல் 1971 வரை கப்பலில் வந்த கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் அதன் வழியாகத்தான் கனடாவுக்குள் நுழைந்தார்கள். இப்போது அது குடியேற்ற அருங்காட்சியகம். கீழ்வீட்டு டச்சுப் பாட்டி என்னைக் கூட்டிப் போனார். போர் முடிந்தபிறகு, சிறுமியாக அங்கே வந்து இறங்கியவர் அவர். எப்போது பெயரைக் கூப்பிடுவார்களோ என்று அவருடைய அப்பா பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாராம். சுங்கக்காரர்கள் தின்பண்டங்களைப் பறித்துவிடுவார்கள் என்று அம்மா ஒரு சீஸ் கட்டியைக் கோட்டுக்குள் ஒளித்துவைத்திருந்தாராம். அப்புறம் ரயிலேறிப் பண்ணை வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் யாரைக் கேட்டாலும் தாத்தாவோ பூட்டனோ ஸ்காட்லாந்து, அயர்லாந்து, லெபனான் என்று எங்கிருந்தோ வந்தவர்தான். ஆதியிலிருந்தே இந்த மண்ணில் இருப்பவர்கள் மிக்மாக் மக்கள். கூட்டங்களைத் தொடங்கும்போது இது அவர்கள் நிலம் என்று சொல்கிறார்கள். பல இடங்களில் அந்தச் சொல்லோடு சரி. எனக்கு அது உறுத்துகிறது.

வந்தவர்களே பின்னால் வருபவர்களுக்குக் கதவைச் சாத்தியும் இருக்கிறார்கள். 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் 376 பேர் வான்கூவருக்குப் போனார்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள். சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் மாறாமல் நேராக வரவேண்டும் என்று அப்போது ஒரு விதி. இந்தியர்களைத் தடுப்பதற்கென்றே போட்டது. இரண்டு மாதம் கரையோரம் நிறுத்திவைத்து, ஒரு சிலரைத் தவிர எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறந்த நாட்டைப் பார்க்காமல் படிப்பு, வேலை, மொழிக்குப் புள்ளி போடும் முறை 1967இல்தான் வந்தது. நான் வந்ததும் அந்த வழியில்தான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சிலர் அப்படிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். பஸ்ஸில் ஒருவர் "உன் நாட்டுக்கே போ" என்றார். அன்று ராத்திரி நம் வீட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், ஓசூர் பக்கம் போனால் கன்னடமும் வரும். விஜயநகர ராஜாக்கள் காலத்தில் வடக்கேயிருந்து வந்தவர்கள் நாம் என்று தாத்தா சொல்வார். வேப்பனப்பள்ளியில் நம்மை ஒருவரும் வந்தேறி என்று சொன்னதில்லை.

ஆனால் ஒடிசா, பீகாரிலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கும் கட்டட வேலைக்கும் வரும் பையன்களை, "இந்திக்காரனுங்க" என்று நம் டீக்கடையில் எடுத்தெறிந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது வேண்டாம் நாயனா. நம் தோப்பில் காய் பறிக்க வரும் பையன்களுக்கும் ஊர் ஆட்களுக்குத் தரும் அதே கூலியைக் கொடுங்கள். ராத்திரி பம்ப்செட் கொட்டகையில் படுக்கவிடாமல் நம் முன்னறையைத் திறந்துவிடுங்கள். மாமா முணுமுணுப்பார், நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகள்