செவ்வாயில் உயிர் என்று போடாதீர்கள், சேறு என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு, மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையான பாதையில் போய் வருகிற ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. போன வாரம் ஒரு நாள் காலையில், பாதையில் ஏற்றிய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடிதான் உங்கள் பத்திரிகையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஐயா விரித்து வைத்திருந்தார், "செவ்வாயில் உயிர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கரை சேருவதற்குள் பாதை முழுக்க அதே கதைதான். ஒரு பொடியன் அங்கே போய்க் குடியேறலாம் என்றான், அந்த ஐயா "இங்க வயலுக்குப் பசளை வாங்கக் காசில்ல, அவனுகள் கல்லுப் பொறுக்கக் கோடி கோடியாக் கொட்டுறானுகள்" என்று சூடாகிவிட்டார், ஒரு அம்மா செவ்வாயைப் போய்க் கிளறினால் யாருக்கு என்ன குற்றம் வருமோ என்று உண்மையான கவலையோடு கேட்டார். எனக்குச் சந்தோசமும் வந்தது, கோபமும் வந்தது. வேறு ஒரு கிரகத்தில் கிடக்கும் ஒரு கல்லைப் பற்றி எங்கள் பாதையில் இத்தனை பேர் வாய் திறந்ததில் சந்தோசம். கோபம் அந்தத் தலைப்பின் மேல்.

ஏனென்றால் உயிர் கண்டுபிடிக்கப்படவில்லை. 2025 செப்டெம்பர் 10 ஆம் திகதி நாசா சொன்னது இவ்வளவுதான்: செவ்வாயில் ஓடும் ஆய்வு வண்டியான பேர்சிவரன்ஸ் என்ற ரோவர் 2024 ஜூலையில் துளையிட்டு எடுத்த ஒரு கல்லில் சில புள்ளிகள் இருக்கின்றன, பழங்கால நுண்ணுயிர்கள் விட்டுப்போன தடயமாக அவை இருக்கலாம், உயிர் எதுவும் இல்லாமலும் அப்படிப் புள்ளிகள் உண்டாக வழி இருக்கிறது. புள்ளிகளைக் கண்டு ஒரு வருசத்துக்கு மேல் ஆராய்ந்து, மற்ற விஞ்ஞானிகளிடம் கொடுத்துச் சரிபார்க்க வைத்து, அதன் பிறகுதான் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்கள் பதினான்கு மாதம் அடக்கி வாசித்த ஒரு "இருக்கலாம்" எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு வந்து சேரும்போது காணாமல் போய்விட்டது.

சரி, அந்தப் புள்ளிகள் என்ன என்றாவது கீழே எழுதியிருந்தீர்களா என்றால் அதுவும் இல்லை. எழுதியிருந்தால் உங்கள் மட்டக்களப்பு வாசகர்களைப் போல அதை விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ரோவர் 2021 பெப்ரவரி 18 இல் இறங்கிய இடத்தின் பெயர் ஜெசரோ. பொஸ்னியாவில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது, அந்தப் பக்கத்து மொழிகளில் ஏரி என்று பொருள். ஊரின் பெயரிலேயே களப்பை வைத்திருக்கிற எங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 45 கிலோமீற்றர் அகலமான ஒரு பள்ளம், எங்கள் வாவியின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. சுமார் 350 கோடி வருசத்துக்கு முன்னர் ஆறு ஒன்று அதற்குள் விழுந்து, கொண்டு வந்த மண்ணை வாயில் கொட்டிப் பரப்பியிருக்கிறது. செவ்வாயில் எத்தனையோ இடம் இருக்க ஏன் அங்கே இறக்கினார்கள் என்று கேட்டால், நைஸான சேறு படிகிற இடத்தில்தான் உயிர் இருந்திருந்தால் அதன் அடையாளம் அழியாமல் கிடக்கும் என்பதால்தான். அந்தப் புள்ளிக் கல்லும் பழைய ஆற்றுப் பள்ளத்தில் படிந்து இறுகிய சேறுதான்.

இதை நான் தரம் 9 பிள்ளைகளுக்குச் சொல்ல முயன்றபோது முகங்கள் வெறுமையாகவே இருந்தன. அடுத்த நாள் ஒருவன் பெரிய சோடாப் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டிவிட்டு, களப்போரச் சதுப்பில் வளரும் கண்ணா மரங்களுக்குக் கீழே இருந்து சேறு அள்ளிக்கொண்டு வந்தான், படை குலையாமல் போத்தலோடு அமத்தி எடுத்திருந்தான். மேலே விரல் அகலம்கூட இல்லாத ஒரு மண்ணிறப் படை, அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு, கூழ்முட்டை நாற்றம். அந்தக் கறுப்பு, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. காற்றுப் போகாத சேற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுகிய இலை தழைகளைத் தின்று சீவிக்கும்போது செய்து வைக்கிற வேலை. அதில் கொஞ்சத்தை எடுத்து ஒரு தட்டில் பரப்பி வெளியே வைத்தோம், சில நாளில் கறுப்புப் போய்த் துருப்பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. செவ்வாய் சிவப்பாக இருப்பதும் இந்த இரும்புத் துருவால்தான்.

செவ்வாய்க் கல்லில் சிறுத்தைத் தோல் மாதிரி இருக்கிற அந்தப் புள்ளிகளில் இரண்டு கனிமங்களின் அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள். ஒன்று கிரெய்கைற்று, அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மற்றது விவியனைற்று, இரும்பும் பொசுபேற்றும் சேர்ந்தது, பூமியில் அழுகல் சேர்ந்த சதுப்பு நிலங்களில் கிடைப்பது. இதைக் கரும்பலகையில் எழுதியதும் போத்தல் கொண்டு வந்தவன் எழும்பி, "ரீச்சர், அப்ப அவங்க நம்மட சேத்தைத்தான் அங்க தேடுறாங்களா?" என்று கேட்டான். ஓம் மனே, அதைத்தான் தேடுகிறார்கள். கடும் சூட்டில் இதே பொருட்கள் உயிர் இல்லாமலும் உண்டாகும், ஆனால் அந்தக் கல் அப்படிச் சூடு கண்டதற்கு அடையாளம் தெரியவில்லை, அதனால்தான் "இருக்கலாம்" என்கிறார்கள் என்றும் சொன்னேன். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த "இருக்கலாம்" நன்றாக விளங்கியது. பத்திரிகை வாசிக்கிற பெரியவர்களுக்கு விளங்காது என்று நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள்?

இதற்கு முன்னரும் அவசரப்பட்டிருக்கிறார்கள். அந்தாட்டிக்காவில் 1984 இல் எடுத்த ஒரு விண்கல்லில் செவ்வாய் உயிரின் சுவடு என்று 1996 ஓகஸ்டில் உலகமே கொண்டாடியது, அமெரிக்க சனாதிபதி கிளின்டனே வந்து பேசினார். பிறகு பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2019 இல் ஒப்பர்சுனிற்றி ரோவரின் பணி முடிந்தது என்று அறிவித்தபோது, "என் பற்றரி குறைகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது" என்று அது கடைசியாகச் சொன்னதாக எல்லோருடைய வட்ஸ்அப் ஸ்ரேற்றஸிலும் கிடந்தது, என் மாணவி ஒருத்தி அழுதே விட்டாள். அது ரோவர் சொன்ன வசனம் அல்ல. ரோவர் அனுப்பியது மின்சக்தியும் வெளிச்சமும் எவ்வளவு என்ற அளவுகளை, அதை ஒரு பத்திரிகையாளர் தன் வார்த்தையில் சொன்னார். 90 நாளுக்கென்று 2004 சனவரியில் இறக்கிய வண்டி 2018 வரைக்கும் ஓடி 45 கிலோமீற்றர் போனது, அழுவதற்கு அந்த உண்மையே போதும்.

பசளைக் கதை சொன்ன ஐயாவுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அவருடைய கோபத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ரோவர் இறங்கி மூன்று மாதத்தில், 2021 மே மாதத்தில், இங்கே இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் அந்தப் போகம் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவள் நான். ஆனால் ஐயா, அந்த ரோவருக்குச் செலவான 2.7 பில்லியன் டொலரில் நம் சதம் ஒன்றும் இல்லை. மண்ணில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு முடிவெடு என்பதுதான் ரோவர் செய்கிற வேலை, நம் வயலுக்கு அன்று யாரும் செய்யாத வேலையும் அதுதான். செலவைப் பற்றிக் கேட்பதென்றால் சரியான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லைப் பூமிக்குக் கொண்டு வந்து பார்த்தால்தான் முடிவு தெரியும், அதற்கு 11 பில்லியன் டொலர் வரை ஆகும், 2040 க்கு முன்னர் வராது என்று 2024 இல் நாசாவே சொல்லி, அது வேண்டுமா வேண்டாமா என்று அங்கே பெரிய இழுபறி நடந்தது. அதை எழுதுங்கள், எங்கள் பாதையில் இன்னும் நன்றாக விவாதிப்போம்.

செவ்வாய்க் குற்றம் பற்றிக் கேட்ட அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் தங்கச்சிக்கு அதே குற்றம் என்று மூன்று சம்பந்தம் குழம்பிப் போனது. அந்தச் சிவப்பு, துருப்பிடித்த இரும்பு என்று அப்போதே என் வீட்டில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இப்படிச் செய்தி வரும்போது "இருக்கலாம்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே விடுங்கள். என்ன கனிமம், எங்கே எடுத்தது, எப்படித் தெரியும் என்று நாலு வரி கூடப் போடுங்கள். நாளைக்கு அது உயிர் இல்லை என்று முடிவானால் அதையும் இதே அளவு எழுத்தில் முன்பக்கத்தில் போடுங்கள். உயர்தரத்துக்கு விஞ்ஞானம் எடுக்க விரும்பும் பிள்ளை எங்கள் பக்கத்தில் ஆற்றைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது, நான் முதலில் படிப்பித்த பாடசாலையில் நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் பூட்டியே கிடந்தது, அந்தப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் தவிர விஞ்ஞானம் என்று கையில் கிடைப்பது உங்கள் பத்திரிகைதான்.

சோடாப் போத்தல் இன்னும் வகுப்பு யன்னலில் இருக்கிறது. மண்ணிறப் படை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் அடிமட்டம் வைத்து அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள். உங்கள் செய்தியாளர் யாராவது மண்டூர்ப் பக்கம் வந்தால் காட்டுவோம், படமும் எடுக்கலாம்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
குருமண்வெளி.